திடீர்த் தங்கை

கேள்வி: பல வருடமாக ஓடும் நாடகத்தில் திடீரென ஒரு தம்பியோ தங்கையோ முளைத்தால் ஏன் எரிச்சல் வருகிறது?
– ஒரு வாசகி, கலகெதர

பதில்: அந்த வீட்டில் யார் எங்கே உட்காருவார் என்பதுவரை நமக்குப் பழகிவிட்டது, சகோதரி. புதிதாக வருபவர் அதைக் கலைக்கிறார். 'தி பிராடி பஞ்ச்' தொடரில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் 1974இல் ஆலிவர் என்ற சிறுவனைக் கொண்டுவந்தார்கள். ஆறு அத்தியாயங்களில் தொடரே முடிந்தது.

'பஃபி த வேம்பயர் ஸ்லேயர்' செய்தது வேறு. 2000 செப்டம்பரில், ஐந்தாம் பருவத்தில், ஒற்றைப் பிள்ளையான பஃபிக்கு டோன் என்றொரு தங்கை! பிறந்தநாள் முதல் தெரிந்தவள்போல எல்லோரும் அவளோடு பழகுகிறார்கள். பார்ப்பவருக்கு மட்டும் குழப்பம். ஐந்தாம் அத்தியாயத்தில்தான் விடை: துறவிகள் ஒரு மந்திரத் திறவுகோலைச் சிறுமியாக்கி, எல்லோர் நினைவிலும் அவளைப் புகுத்தியிருந்தார்கள். அவளுடைய சிணுங்கலைப் பலர் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால், தான் யார் என்று அறிந்து அவள் உடைந்துபோவதை மிஷெல் டிராக்டன்பெர்க் எவ்வளவு உண்மையாக நடித்தார்! பருவ முடிவில் அக்கா உயிர் கொடுப்பதும் இவளுக்காகத்தான். ஆலிவர் இடம் நிரப்ப வந்தவன். டோன் இல்லாமல் அந்தக் கதையே இல்லை. அவளைக் கொண்டுவந்தது சரியான முடிவு என்பேன்.