நான்கு வார விடுமுறை: வீடு இன்னொரு வகுப்பறை ஆக வேண்டாம்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை வந்துவிட்டது. நீங்கள் ஆசிரியராகவும் சிறு பிள்ளைகளின் பெற்றோராகவும் இருந்தால், இந்த நான்கு வாரங்களுக்காக ஆவலோடு காத்திருந்திருப்பீர்கள். ஆனால், ஒருபுறம் திருத்த வேண்டிய தாள்கள்; மறுபுறம், "அம்மா, இப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்கும் பிள்ளைகள். வீட்டிலும் கால அட்டவணை போடத் தோன்றும். இல்லாவிட்டால், கைப்பேசியைக் கொடுத்துவிட்டுச் சற்று உட்காரத் தோன்றும்.

இரண்டும் வேண்டாம். நாள் முழுவதையும் திட்டமிடாமல், இந்த மூன்றை மட்டும் தவறாமல் கடைப்பிடியுங்கள்.

1. தூக்கம்
3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 9 முதல் 11 மணி நேரம். படுக்கும் நேரம் அரை மணி தள்ளிப்போனால் பரவாயில்லை. நள்ளிரவு வரை நீள விடாதீர்கள்.

2. வெளியில் விளையாட்டு
தினமும் 2 மணி நேரமாவது பகல் வெளிச்சத்தில் இருப்பது, கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போட உதவும். சிறு வயதிலேயே கிட்டப்பார்வை வந்தால், வளர வளரக் கண்ணாடியின் பவர் கூடும். பிற்காலத்தில் விழித்திரை பாதிக்கப்படும் ஆபத்தும் அதிகம். 2 மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம்: காலையில் சந்தைக்கு நடந்து செல்லுங்கள், மாலையில் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். உச்சி வெயிலைத் தவிருங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

3. திரை நேரம்
பள்ளிப் பாடங்களுக்கான நேரம் இதில் சேராது.
• 18 மாதம் முதல் 6 வயது வரை: நாளுக்கு 1 மணி நேரத்துக்கும் குறைவு
• 7 முதல் 12 வயது வரை: நாளுக்கு 2 மணி நேரத்துக்கும் குறைவு
சாப்பிடும்போதும் தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் திரை வேண்டாம். இந்த விதி உங்கள் கைப்பேசிக்கும் பொருந்தும். பிள்ளை "போரடிக்குது" என்றால் உடனே எதையாவது ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. சற்று நேரம் விட்டால், அட்டைப்பெட்டியே கப்பலாகிவிடும்.

உங்களுக்கும் இது விடுமுறைதான்
வகுப்பில் அத்தனை பிள்ளைகளிடம் காட்டும் பொறுமை வீட்டில் இரண்டு பிள்ளைகளிடம் வரவில்லையே என்று நொந்துகொள்ளாதீர்கள். அது களைப்பின் அறிகுறி. அன்புக் குறைவு அல்ல. தாள் திருத்தும் நாள்களை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். தினமும் அரை மணி நேரமாவது துணைவரிடமோ தாத்தா பாட்டியிடமோ பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுங்கள். மனச்சோர்வோ தூக்கமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மருத்துவரைப் பாருங்கள்.

கடைசி வாரத்தில், படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் தினமும் 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பள்ளி திறக்கும் நாளில், பிள்ளைகளோடு நீங்களும் தெம்பாகப் புறப்படலாம்.