எந்த சிலிண்டர் தூங்குகிறது?

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே ஒரு வண்டிக்காரர். அவரிடம் பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்று உண்டு. முல்பாகல் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளி ஏற்றுவார். கோலார் சந்தையில் இறக்குவார். ஏலம் தொடங்கும் முன்பே போய்ச் சேர வேண்டும். பிந்தினால் விவசாயிக்கு விலை குறையும். அடுத்த முறை வேறு வண்டியைக் கூப்பிடுவார்.

ஒரு நாள் வண்டி மேடு ஏறத் திணறியது. நிற்கும்போதும் குலுங்கியது. இன்ஜின் சத்தத்தில் இடையிடையே ஓர் அடி விட்டுப்போனது. பின்னால் வெள்ளைப் புகை. இதைத்தான் ‘மிஸ்ஸிங்’ என்பார்கள்.

ஒரு பட்டறையில் காட்டினார். “இன்ஜினை இறக்கணும்” என்றார்கள். கேட்ட பணம் அவருடைய மூன்று மாத வருமானம்.

“நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னால மேஸ்திரிகிட்ட ஒரு தடவை காட்டிடுங்க” என்றார் மனைவி.

மேஸ்திரி தங்கச் சுரங்கத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் வீட்டு வாசலில் வண்டி வேலை செய்கிறார். அவர் உடனே ஸ்பானரை எடுக்கவில்லை.

“ஒரே சீரா அடி விடுதா தம்பி? இல்ல, வந்து வந்து போகுதா?”

“ஒரே சீரா விடுது மேஸ்திரி.”

இது முக்கியமான கேள்வி. டீசலில் தண்ணீர் கலக்கலாம். ஃபில்டர் அடைக்கலாம். குழாயில் காற்று புகலாம். அப்போது எல்லா சிலிண்டருக்கும் தொல்லை வரும். ஓட்டம் ஏறும், இறங்கும், நின்றும் போகும். ஒரே சீராக அடி விட்டால், பெரும்பாலும் ஒரு சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. ஆனாலும் மேஸ்திரி ஃபில்டரையும் பார்த்தார். அதற்குச் செலவு குறைவுதானே!

அந்த இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாசில். பம்ப், இரும்புக் குழாய் வழியாக டீசலைத் தள்ளும். நாசில் அதைப் பனிபோலத் தூவும். சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்பட்டுச் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். நாசில் தூவாமல் ஒழுகினால் டீசல் சரியாக எரியாது. அதுதான் டீசல் வாடையோடு வெள்ளைப் புகையாக வரும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்.

மேஸ்திரி கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டார். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டார். முதல் நாசிலின் குழாய் நட்டைச் சற்றே தளர்த்தினார். டீசல் கசிந்தது. இன்ஜின் இன்னும் அதிகமாகத் தடுமாறியது.

“இவன் உழைக்கிறவன்” என்று நட்டை இறுக்கினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தினார். சத்தம் மாறவே இல்லை.

“இவன்தான் தூங்குறான்!”

இதை யாரும் விளையாட்டாகச் செய்யக் கூடாது. குழாயில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பவுண்டுக்கும் மேல். ஊசிபோலப் பீறிட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘காமன் ரெயில்’ உள்ள புது வண்டிகளில் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. அவற்றில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அதற்குக் கம்ப்யூட்டர் கருவி இருக்கிறது.

மேஸ்திரி இன்ஜினை நிறுத்தினார். மூன்றாவது நாசிலையும் நான்காவது நாசிலையும் இடம் மாற்றினார். புதுச் செப்பு வாஷர் போட்டார். மறுபடி சோதித்தார். இப்போது மூன்றாவது சிலிண்டர் உழைத்தது. நான்காவது தூங்கியது. நாசிலோடு கோளாறும் இடம் மாறிவிட்டது. அப்படியானால் கெட்டது நாசில்தான்.

மூன்றாவதே மறுபடியும் தூங்கியிருந்தால்? வால்வு, கேஸ்கட், பிஸ்டன் வளையம், பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். இன்ஜினைத் திறக்கும் பேச்சு அதற்குப் பிறகுதான்.

நாசிலை டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோனார்கள். சோதனையில் அது ஒழுகியது. முனையை மாற்றி, அழுத்தம் சரிசெய்து வாங்கினார்கள். நகை பெட்டியிலேயே இருந்தது.

வண்டிக்காரர் நோட்டை எடுத்தார். ‘நான்காவது சிலிண்டர், நாசில் முனை மாற்றியது’ என்று எழுதினார். பக்கத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் குறித்துக்கொண்டார்.