கர்ராராவில் முதலில் மலைக்குப் போங்கள்

இத்தாலியின் கர்ராராவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். குவாரிகளில் வேலை இல்லை. மலைமேல் வெள்ளையாகத் தெரிந்ததைப் பனி என்றே நினைத்து, ஊருக்குள் இருக்கும் கதீட்ரலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அது பனியல்ல, வெட்டிக் கொட்டிய மார்பிள் சில்லுகள். அடுத்த முறை வார நாளாகப் பார்த்து, நாள் முழுக்க ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டேன். அந்தச் செலவில் ஒரு காசுகூட வீணில்லை.

குவாரித் தொழிலாளி ஒருவரின் பேத்தி அவர். காலை எட்டு மணிக்கே ஃபாந்திஸ்கிரித்தி குவாரிப் பக்கம் அழைத்துப் போனார். வைரத் துகள் பதித்த கம்பியால், தண்ணீர் விட்டுக்கொண்டே பாறையை அறுக்கிறார்கள். கீழே பால்போல ஓடுகிறது. வெயில் ஏறினால் அந்த வெண்மை கண்ணைக் கூசவைக்கும். கறுப்புக் கண்ணாடியும் பிடிமானமுள்ள ஷூவும் கட்டாயம் வேண்டும்.

வழிகாட்டி என் கையில் சுத்தியலைக் கொடுத்து, இரண்டு கற்களைத் தட்டச் சொன்னார். ஒன்று கணீரென்றது. இன்னொன்று பானை ஓடுபோல் மந்தமாக ஒலித்தது, உள்ளே விரிசல். “கண்ணை நம்பாதீங்க, காதை நம்புங்கன்னு எங்க தாத்தா சொல்வார்” என்றார். 1505-இல் போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்குக் கல் தேர்ந்தெடுக்க மைக்கேலாஞ்சலோ மாதக்கணக்கில் இந்த மலைகளில் தங்கியது ஏன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஃபுளோரன்ஸில் நிற்கும் அவருடைய டேவிட், 5 மீட்டருக்கு மேல் உயரம், முன்பு வேறு சிற்பிகள் தொட்டுக் கைவிட்ட கர்ராராக் கல்லில் பிறந்தது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த மலையைப் பார்த்துவிட்டுப் போனால் நல்லது.

அந்தக் காலத்தில் கல்லை மரச்சட்டத்தில் ஏற்றி, சோப்புத் தடவிய கட்டைகள் மேல் சறுக்கி, கயிற்றால் இழுத்துப் பிடித்தபடியே சரிவில் இறக்குவார்களாம். கயிறு அறுந்தால் முன்னால் கட்டை போடுகிறவர் பிழைப்பது அரிது. அதைச் சொல்லும்போது வழிகாட்டியின் குரல் இறங்கிவிட்டது.

மதியச் சாப்பாட்டைக் கொலொன்னாத்தாவில் வைத்துக்கொள்ளுங்கள். குவாரிகளுக்கு நடுவே இருக்கும் சின்னக் கிராமம். பன்றியின் முதுகுக் கொழுப்பைக் கடலுப்பு, மிளகு, பூண்டு, ரோஸ்மேரியோடு மார்பிள் தொட்டிகளில் அடுக்கி, குறைந்தது ஆறு மாதம் ஊறவைக்கிறார்கள். உப்பு இழுத்துவிடும் ஈரமே ஊறல் நீராகிவிடுகிறது. கல் அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. இதுதான் லார்தோ. 2004-இல் இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. கண்ணாடிபோல மெல்லிசாகச் சீவி, சூடான ரொட்டிமேல் வைத்துத் தருவார்கள். வாயில் வைத்ததும் கரைகிறது. இன்று விலை உயர்ந்த பண்டம். அன்று மலையேறும் தொழிலாளியின் பொட்டலச் சோறு. காலையில் அந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் ருசி முழுசாகத் தெரியும்.

சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பீன்ஸ் சேர்த்த பாஸ்தாவில்கூடப் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். கர்ராராவில் கொண்டைக்கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுட்டெடுக்கும் ‘கால்தா கால்தா’ கிடைக்கும். சூடாகச் சாப்பிட அருமை.

சாயங்காலம் பியத்ராசாந்தாவில் சிற்பக்கூடங்களைப் பார்த்தோம். கொலம்பிய ஓவியர் பொத்தேரோ ஒரு சிறிய தேவாலயத்தில் சொர்க்கத்தையும் நரகத்தையும் வரைந்திருக்கிறார். நல்ல ஊர்தான். ஆனால் நேரம் போதாவிட்டால் இதை விட்டுவிடுங்கள். கொலொன்னாத்தாச் சாப்பாட்டை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்.