புதுப் பாட்டைப் பகுத்துப் பாடும் முறை



தேவ நற்கருணை உட்கொள்ளும் வேளைக்கென்று நமது பாடகர் குழுவினர் புதுப் பாட்டு ஒன்றைப் பயின்று வருகிறார்கள். அதில் சபையார் பாட வேண்டியது எது, குழுவினர் பாட வேண்டியது எது, அப்படிப் பகுத்ததற்குக் காரணம் என்ன என்பவற்றை இவ்வாரம் விளக்குவோம். இது பாடகர்களுடைய காரியம்தானே என்று எவரும் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பூசையில் பாடுவது ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் உரியது. பாட்டைச் சரியாகப் பகுக்காவிட்டால், யாரும் தடுக்காமலே அந்த உரிமை மக்கள் கையைவிட்டுப் போய்விடும்.

இதில் திருச்சபையின் போதனை தெளிவானது. அர்ச். பத்தாம் பத்திநாதர் 1903-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி, அர்ச். செசிலியம்மாள் திருநாளன்று, தேவாலய சங்கீதத்தைப் பற்றி எழுதிய நிருபத்தில், விசுவாசிகள் வழிபாட்டில் ஈடுபட்டுப் பங்குபெற வேண்டும் என்று போதித்தார். 1963-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சாசனம், பாடகர் குழுக்களை ஊக்கமாய் வளர்க்கச் சொல்லுகிறது. அதே இடத்தில், சபை முழுவதும் தன் பங்கைப் பாட வகை செய்யவும் சொல்லுகிறது. எல்லாவற்றையும் குழுவிடம் ஒப்படைத்து மக்களை முற்றிலும் விலக்கும் வழக்கத்தை, 1967-ம் ஆண்டு மார்ச் மாதம் உரோமையிலிருந்து வந்த அறிக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே குழுவும் வேண்டும், சபையும் வேண்டும். இரண்டையும் இணைப்பது எங்ஙனம்?

வேதாகமமே வழி காட்டுகிறது. 136-ம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். அதில் 26 வசனங்கள் உண்டு. ஒவ்வொரு வசனத்தின் இரண்டாம் பாதியும் ஒன்றே. முற்பாதியை ஒருவர் பாட, பிற்பாதியை மக்கள் திரண்டு பாடுவதற்கு ஏற்ற அமைப்பு அது. அர்ச். அகுஸ்தீனார் காலத்திலும் சங்கீதத்தின் வசனங்களை ஒருவர் பாட, மக்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி மறுமொழி கூறினார்கள். நம் நாட்டுச் சங்கீதத்தில் பல்லவியும் சரணமும் இதற்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன. பல்லவி மக்களுக்கு, சரணம் குழுவுக்கு: இதுவே நம் புதுப் பாட்டின் ஒழுங்கு.

நன்மை வாங்க நடந்து வருகிறவர் கையில் புத்தகம் பிடித்துப் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். ஆகையால் பல்லவி இரண்டே வரியாய், ஒருமுறை கேட்டதும் மனதில் பதிவதாய் இருக்க வேண்டும். அதை அமைப்பதில் நான்கு காரியங்களைக் கவனிக்கிறோம்.

முதலாவது, சுருதி. கீழ் சட்ஜம் முதல் மேல் சட்ஜம் வரை செல்லும் பல்லவியை ஆர்மோனியத்தில் 1 கட்டையில் எடுத்தால் ஆண், பெண், சிறுவர் எல்லாரும் அவரவர் ஸ்தாயியில் பாடலாம். அதே பல்லவியை 5 கட்டையில் எடுத்தால், பயின்ற இளம் குரல்களுக்கு இனிக்கும். மற்றவர்களோ கத்துவார்கள், அல்லது மௌனமாவார்கள்.

இரண்டாவது, எடுப்பு. பல்லவி தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்க வேண்டும். தட்டு விழுந்தபின் தொடங்கும் எடுப்பு அழகுதான். ஆனால் கோவில் நிறைந்த கூட்டம் அதை ஒருங்கே பிடிக்காது. சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவில் வாத்தியம் ஒரு ஆவர்த்தனம் வாசித்தால், ஒவ்வொரு முறையும் ஒன்றே வாசிக்கட்டும். ஒருமுறை ஒன்று, மறுமுறை இரண்டு என்று மாற்றினால், எங்கே தொடங்குவது என்று அறியாமல் மக்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

மூன்றாவது, சொல். குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவும் பாட வேண்டும். "வரம் தாரும்" என்பதில் முதல் எழுத்தை இழுத்தால், ஆண்டவரிடம் ஒரு வாரம் கேட்டவர்கள் ஆவோம்! "வானகமே" என்பதை நடுவில் அறுத்து மூச்சு வாங்கினால், "வா, நகமே" என்று காதில் விழும். மெட்டு வார்த்தைக்கு ஊழியம் செய்ய வேண்டும், வார்த்தையை நசுக்கலாகாது.

நான்காவது, குழுவின் திறமைக்கு இடம். சரணங்களில் சங்கதிகளைச் சேர்க்கலாம். நான்கு குரலாய்ப் பிரிந்தும் பாடலாம். கடைசிப் பல்லவியில் மக்கள் மெட்டைப் பாட, குழுவில் சிலர் அதற்கு இசைவான மேற்குரலும் கீழ்க்குரலும் சேர்க்கலாம். ஆனால் அப்போதும் மக்கள் பாடும் மெட்டே ஓங்கி ஒலிக்க வேண்டும்.

"இரவெல்லாம் பயின்றோமே, எங்கள் பங்கைக் குறைப்பானேன்?" என்று பாடகர்கள் கேட்கலாம். அன்புள்ள பிள்ளைகளே, உங்கள் உழைப்பு வீணல்ல. எழுத்தறியாத பாட்டி ஒருத்தி உங்களிடம் கேட்டு அந்த இரண்டு வரியைக் கற்றுக்கொள்கிறாள். நாளை நோய்ப்படுக்கையில் அவளுக்குக் குருவானவர் நற்கருணை கொண்டுபோகும்போது, அவள் உதட்டில் வருவது உங்கள் சங்கதி அல்ல, அவளுடைய பல்லவியே. அதை அவளுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். இதைவிடப் பெரிய கைம்மாறு வேறென்ன வேண்டும்?

"பழைய பாட்டு போதாதா?" என்று கேட்கும் பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பாட்டுகளை நாம் தள்ளவில்லை. இந்த ஒன்று எல்லாருக்கும் பாடமாகும்வரை வேறு புதுப் பாட்டு எடுக்கமாட்டோம்.

வரும் ஞாயிறு பூசைக்குப் பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள். வாத்தியமின்றி ஒரே குரல் பல்லவியைப் பாடும். நீங்கள் திருப்பிப் பாடுங்கள். நான்கு ஞாயிறு இவ்விதம் செய்தால் போதும். குரல் நன்றாயில்லை என்று எவரும் கூச வேண்டாம். அந்தக் குரலைக் கொடுத்தவரே அதைக் கேட்கக் காத்திருக்கிறார்.

ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு