டர்போ காருக்கு ஒயில்தான் உயிர்



இந்த வார எபிசோட்டில் டர்போ பெற்றோல் எஞ்சின் பற்றிக் கதைத்தோம். முதல் கார் வாங்கப் போற எல்லாருக்கும் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: "டர்போ எண்டா கெதியாப் பழுதாகுமா?" என் பதில்: அப்படி இல்லை, ஆனால் பழைய கார்கள் பொறுத்துப்போன கவனக்குறைவை இது பொறுத்துப்போகாது. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம். எபிசோட்டைக் கேட்காதவர்களுக்கும் விளங்கும்.

1. டர்போ என்ன செய்யுது?

பெற்றோல் எரியக் காற்று வேணும். சாதாரண எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சும். டர்போ எஞ்சினில், வெளியே போகும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெற்றோலும் கூட எரிக்கலாம். வீணாகப் போகும் புகையிடம் வேலை வாங்குகிறோம், அவ்வளவுதான்.

2016 ஹொண்டா சிவிக்கை எடுங்கள். டர்போ இல்லாத 2.0 லீட்டர் எஞ்சின் 158 குதிரைத்திறன் தந்தது. டர்போ பூட்டிய 1.5 லீட்டர் எஞ்சின் 174 தந்தது. எஞ்சின் சின்னது, பலம் பெரிது. அந்தப் பலத்துக்கான விலையை ஒயில்தான் கட்டுகிறது.

2. ஏன் ஒயில்?

உங்கள் எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 சுற்று அளவில் சிவப்புக் கோட்டைத் தொடும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 150,000 சுற்றுகளையும் தாண்டும். அதன் ஒரு பக்கத்தில் 900 பாகை செல்சியஸ் வரை போகும் புகை. பெரும்பாலான கார்களில் இந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம். அது நின்றால் உலோகம் உலோகத்தில் உரசும், பிறகு டர்போ மாற்ற வேண்டியதுதான்.

ஒயிலுக்கு இங்கே இரண்டு ஆபத்து. ஒன்று, மிஞ்சின சூடு. வேகமாக ஓடி வந்து உடனே எஞ்சினை நிறுத்தினால், டர்போவுக்குள் தங்கிய ஒயில் கருகிக் கரியாகும். அந்தக் கரி ஒயில் போகும் சின்ன வழிகளை அடைக்கும். இன்றைய டர்போக்களில் பெரும்பாலானவற்றைத் தண்ணீரும் குளிர்விப்பதால் இந்த ஆபத்து முன்னரைவிடக் குறைவு. 401-இல் இருந்து இறங்கி வீட்டுத் தெருவுக்கு மெதுவாக வரும் நேரமே போதும். ஹைவே ஓரக் கடைக்குள் நேராகப் போய் நிறுத்தினால் மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

இரண்டாவது ஆபத்து, சூடு போதாமை. ரொறன்ரோ போன்ற ஊர்களில் இதுதான் பெரிசு.

3. குளிரும் குறுகிய ஓட்டமும்

இன்றைய டர்போ எஞ்சின்களில் பெரும்பாலானவை பெற்றோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும். எஞ்சின் குளிராக இருக்கும்போது கூடுதல் பெற்றோல் போகும். அதில் கொஞ்சம் எரியாமல் சிலிண்டர் சுவரில் ஒட்டி, கீழே வழிந்து ஒயிலோடு கலக்கும். நெடுந்தூரம் ஓடினால் ஒயில் நன்றாகச் சூடாகி அந்தப் பெற்றோல் ஆவியாகிப் போயிடும். வீட்டில் இருந்து தமிழ்க் கடை, அங்கிருந்து பள்ளிக்கூடம், திரும்ப வீடு என்று ஐந்து ஐந்து கிலோமீட்டராக ஓடினால் அது போக நேரமில்லை. ஒயில் தண்ணியாகும், படலம் மெலியும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018-இல் சீனாவின் குளிர்ப் பகுதிகளில் ஹொண்டாவின் 1.5 டர்போ எஞ்சின்களில் ஒயில் மட்டம் ஏறுவதாகப் புகார் எழுந்து, கார்களைத் திருப்பி அழைத்தார்கள். கனடாவிலும் இந்த எஞ்சினுக்கு மென்பொருள் திருத்தம் வந்தது.

ரிமோட் ஸ்டார்ட்டரில் பதினைந்து நிமிடம் ஓடவிடுவது இதற்கு மருந்து இல்லை. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் ஒயிலை மிக மெதுவாகத்தான் சூடாக்கும். அரை நிமிடம் விட்டு, முதல் பத்து நிமிடம் மிதமாக ஓடுவது நல்லது. தண்ணீர்ச் சூட்டு முள் நடுவுக்கு வந்தாலும் ஒயில் இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருக்கும்.

4. எந்த ஒயில்?

டர்போ எஞ்சின் குறைந்த சுற்றில் இருக்கும்போது பெடலை முழுசா மிதித்தால், தீப்பொறி வரமுன்னரே கலவை எரிந்து பிஸ்டனை உடைக்கலாம். ஒயிலில் சேர்க்கும் கல்சியம் இதைத் தூண்டும் என்று கண்டுபிடித்துக் கலவையை மாற்றினார்கள். அதற்காக வந்த தரம்தான் 2018-இன் ஏபிஐ எஸ்என் பிளஸ். 2020-இல் ஏபிஐ எஸ்பி வந்தது. போத்தலில் இந்த எழுத்தைப் பாருங்கள். தடிப்பு எண்ணை மேனுவல் சொல்லும், அதை மாற்றாதீர்கள்.

5. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா?

இங்கேதான் வீட்டில் சண்டை. அப்பா "ஐயாயிரத்துக்கு ஒருக்கா மாத்து" என்பார். டாஷ்போர்ட் "இன்னும் 40 சதவீதம் இருக்கு" என்று சொல்லும். பல கார்களில் அந்த சதவீதம் நீங்கள் ஓடிய விதத்தை வைத்துப் போடும் கணக்கு. ஒயிலை எடுத்துச் சோதித்துச் சொல்வதில்லை.

மேனுவலில் கடினமான பாவனைக்கு என்று தனி அட்டவணை இருக்கும். சில மேனுவல்களில் ஒரு ஓட்டம் 8 கிலோமீட்டருக்குக் குறைவு, உறைகுளிரில் 16 கிலோமீட்டருக்குக் குறைவு என்றாலே கடினமான பாவனைதான். அதாவது, எங்கட அம்மாமார் ஓடும் கார்தான்! குறைந்த கிலோமீட்டர், மெதுவான ஓட்டம், ஆனால் ஒயிலுக்குக் கடினம். அப்படி ஓடும் காருக்கு அப்பாவின் கணக்கே நல்ல கணக்கு. கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

6. பழைய டர்போ கார் வாங்கப் போனால்

• ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். கிலோமீட்டர் குறைந்த காரைவிடப் பற்றுச்சீட்டு உள்ள காரை நான் நம்புவேன்.
• குளிர்ந்த எஞ்சினைப் பாருங்கள். விற்பவர் முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள்.
• ஒயில் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணமும், மேல் கோட்டைத் தாண்டிய மட்டமும் எச்சரிக்கை.
• நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. வேகம் எடுக்கும்போது சைரன் மாதிரி கீச்சொலி கேட்டால் மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒரு பழைய கதை. 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், முதல் டர்போ பயணிகள் கார்களில் ஒன்று. அதற்குத் தண்ணீரும் மெத்தனோலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்ப வேணும். பல உரிமையாளர்கள் நிரப்பவே இல்லை. தொல்லை பெருகி, 1963-ஓடு அந்த கார் முடிந்தது. பராமரிப்பில்லாமல் நல்ல யோசனையும் நிலைக்காது.

இந்த வார வீட்டுவேலை: காரின் டாஷ்போர்ட் பெட்டியில் தூங்கும் மேனுவலை எடுத்து, கடினமான பாவனைப் பக்கத்தை அம்மா அப்பாவோடு இருந்து வாசியுங்கள். அவர்களுக்குத் தமிழில் நீங்களே விளங்கப்படுத்துங்கள். பிறகு, கடைசியாக ஒயில் மாற்றிய திகதியைக் கேளுங்கள். ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையென்றால், மாற்றுகிற நாள் வந்துவிட்டது.

அடுத்த எபிசோட்டில் சந்திப்போம்.