பாம்பு கடித்தால் மந்திரம் வேண்டாம்!

பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், ராத்திரி தரையில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் கடித்து இறந்தாள். கடித்த இடத்தில் வலியில்லை, வீக்கமில்லை. "வயித்த வலிக்குது"ன்னுதான் சொன்னாளாம். கண் இமை தொங்கியது. வேப்பிலை அடித்தே நேரம் போச்சு. விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மருந்து இல்லாமலா? நம்ம மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில், 1978ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷம் எடுத்துத் தருகிறார்கள். அதை வைத்துத்தான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

கடிபட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். அசையாமல் படுக்க வைத்து உடனே 108ஐ அழையுங்கள். தரையில் படுத்தால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் சொல்லுங்கள்.