ஈரல் வியாதியும் குடியும்

நமது சங்கத்தின் ஏட்டில் குடியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். மது ஹராம் என்பதை நமக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே நம்மில் ஒருவன் குடித்தால் அதை டாக்டரிடத்திலும் மறைக்கிறான். அது ஒரு கேடு. மேலும் ஜெஞ்சாரோமில் கடை வைத்திருப்பவனுக்குத் தோட்டத்து மக்கள், சீனர், மலாய்க்காரர், வெளிநாட்டுத் தொழிலாளர் எல்லாரும் வாடிக்கைதான். நாம் விற்கும் மாத்திரையும் டானிக்கும் யார் ஈரலுக்குப் போகின்றன என்பதை நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஹெபடைடிஸ் சி என்பது இரத்தத்தின் வழியாய்ப் பரவும் கிருமியால் வருகிற ஈரல் வியாதி. இந்தக் கிருமி 1989-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. பலருடைய உடம்பில் 20, 30 வருஷம் வரை ஓர் அறிகுறியும் காட்டாது. மஞ்சட்காமாலை வந்தால்தான் ஈரல் வியாதி என்று நம் ஜனங்கள் நினைத்திருக்கிறார்கள், இது அப்படியன்று. ஒருவர் குத்திய ஊசியை மற்றவர் குத்திக்கொள்வது, சுத்தம் செய்யாத ஊசியால் பச்சை குத்துவது, ஒரே சவரக் கத்தியைப் பலர் பயன்படுத்துவது, சோதனை முறை வருவதற்கு முந்திய காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்டது ஆகியவை பரவும் வழிகளுள் சில.

சாப்பாட்டுக் கடை முதலாளிமார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே தட்டில் உண்பதாலோ, கை கொடுப்பதாலோ, முஸாபஹா செய்வதாலோ, இருமலாலோ இது தொற்றாது. சமையற்காரனுக்கு இவ்வியாதி என்று கேள்விப்பட்டதும் கணக்கை முடித்து அனுப்பிவிடுவது அறியாமை. என் கருத்தில் அநியாயமும் கூட.

இனிக் குடிக்கு வருவோம். மதுவை உடைத்து வெளியேற்றும் வேலை பெரும்பாலும் ஈரலுடையது. உடைக்கும்போது உண்டாகும் நஞ்சு ஈரலைப் புண்ணாக்குகிறது. கிருமியோ முன்பே புண்ணாக்கிக்கொண்டிருக்கிறது. அரிசி மூட்டைக்கு ஒருபுறம் எலி, மறுபுறம் கூரை ஒழுக்கு என்றால் மூட்டை எத்தனை நாள் தாங்கும்? புண் ஆறி ஆறித் தழும்பாகி, ஈரல் இறுகிப் போகிறது. டாக்டர்கள் இதைச் சிரோசிஸ் என்பர். அதற்குப் பின் வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி, ஈரல் புற்றுநோய் வரையில் போகலாம். சி கிருமி உள்ளவருக்கு இவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. பீர், கள், சம்சு எல்லாவற்றிலும் உள்ள சரக்கு ஒன்றுதான்.

‘மருந்து சாப்பிட்டுக் குணமாகிவிட்டது, இனிக் குடிக்கலாமா?’ என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. எலி ஒழிந்தது, மெய்தான், ஒழுக்கு நிற்கவில்லையே! கிருமி போனாலும் இறுகிய ஈரல் உடனே பழைய ஈரலாகாது. சிரோசிஸ் கண்டவர் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். குடியை அறவே விட வேண்டும். ஒருமுறை குணமானவரைக் கிருமி மறுபடியும் தொற்றலாம். இதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லை.

மருந்தின் கதை வியாபாரிகள் அறிய வேண்டியது. ஸோபோஸ்புவிர் என்னும் மாத்திரை 2013-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர்! நமது மலேசிய அரசாங்கம் 2017 செப்டம்பரில் காப்புரிமைச் சட்டத்தில் உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, மலிவான மாத்திரையை வரவழைக்க வழி செய்தது. 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவச வைத்தியம் தொடங்கிற்று. 2021-ல் ரவிடாஸ்விர் என்ற புது மருந்தும் இங்கே பதிவாயிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வரை குணமடைகிறார்கள். பாந்திங்கிலும் கிள்ளானிலும் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது; செலாயாங் ஆஸ்பத்திரி ஈரல் வைத்தியத்துக்குப் பேர் பெற்றது. ஊருக்குத் திரும்பும் தொழிலாளிக்கும் இதைச் சொல்லலாம்: இந்திய அரசும் 2018 ஜூலை 28-ல் தொடங்கிய திட்டத்தில் இவ்வைத்தியத்தை இலவசமாக அளிக்கிறது.

குடிப்பவனுக்கு மருந்து கிடையாது என்று எண்ணி ஒளிந்திருப்போர் உண்டு. அது தப்பு. குடிப்பழக்கம் இருக்கிறது என்பதற்காக வைத்தியத்தை மறுக்கக் கூடாது என்பதே இன்றைய வைத்திய முறை. உள்ளதை உள்ளபடி டாக்டரிடம் சொல்ல வேண்டும். பல வருஷமாக நாள்தோறும் நிறையக் குடித்தவன் திடீரென்று தானாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவன் டாக்டர் துணையோடுதான் விட வேண்டும்.

மளிகைக்கடைக்காரர்களுக்கு மூன்று வார்த்தை. பனடோல் போன்ற பாரசிட்டமால் மாத்திரையில் ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைய உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. ஈரல் கெட்டவருக்கும் நித்தம் குடிப்பவருக்கும் டாக்டர்கள் 2 கிராமுக்குள் நிறுத்துகிறார்கள். தலைவலி என்று காலையில் வந்து இரண்டு அட்டை கேட்பவன் மேல் மது வாடை அடித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரண்டாவது, திராட்சாரிஷ்டம் முதலான அரிஷ்டங்கள் புளிக்க வைத்துச் செய்பவை; அவற்றில் ஆல்கஹால் தானாகவே உண்டாகிறது. புட்டியின் ஒட்டுத்தாளைப் படித்துப் பாருங்கள். ‘உடம்பு தேற டானிக்’ என்று ஈரல் நோயாளிக்கு அதைக் கொடுக்கலாகாது. மூன்றாவது கீழாநெல்லி. நம் பெரியவர்கள் காமாலைக்குக் கொடுத்ததுதான். ஆனால் சி கிருமியை அது போக்கியதற்கு நிரூபணம் இல்லை. அதை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரத்தச் சோதனை இரண்டு படி. முதற்சோதனை கிருமி எப்போதாவது வந்ததா என்று காட்டும்; குணமான பிறகும் அது ‘உண்டு’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். இப்போது கிருமி இருக்கிறதா என்பதை இரண்டாவது சோதனைதான் சொல்லும். முதல் தாளைப் பார்த்துப் பயந்து குடும்பத்தில் குழப்பம் செய்துகொள்ளாதீர்கள்.

ரமலானில் என்ன செய்வது என்று சிலர் தயங்குகிறார்கள். வழக்கமாகக் கொடுக்கப்படும் மாத்திரைகள் நாளைக்கு ஒரு வேளைதான். ஸஹரிலோ நோன்பு திறந்த பிறகோ, டாக்டரைக் கேட்டு, தினமும் ஒரே நேரத்தில் விழுங்கிக்கொள்ளலாம். ஈரல் மிகவும் கெட்டவர் நோன்பு வைக்கலாமா என்பதை டாக்டரிடமும் ஆலிமிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.